பாங்காக் டிக்கெட் போட்டாச்சு, நேத்து நிலநடுக்கம். சேலத்துலருந்து 9 பேர் – போறதா, வேண்டாமா?

கொலுசுப்பட்டறை – 29 மார்ச் 2025, காலை 7.12

எல்லாருக்கும் வணக்கமுங்க. செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன். இங்க எழுதுற ஆளில்ல, படிச்சுட்டுப் போற ஆளு. இப்ப ஒரு இக்கட்டு, அதான் வந்தேன்.

மே 9-ம் தேதி சென்னையிலருந்து பாங்காக். நாங்க நாலு பேரு, தம்பி வீட்டுல மூணு, அத்தை, அத்தை மகன். மொத்தம் ஒம்பது. சீட்டு எடுத்த காசுல டிசம்பர்லயே ஏஜென்ட் மூலமா போட்டது. ரெண்டு ராத்திரி பாங்காக், மூணு ராத்திரி பட்டாயா. அத்தைக்கு 64 வயசு, இதுதான் முத விமானம். தெருவுல பாதிப் பேருக்குச் சொல்லி முடிச்சுட்டாங்க.

நேத்து மத்தியானம் பத்த வைக்கிற வேலையில உட்கார்ந்திருந்தேன். தம்பி ஓடி வந்து ஃபோனைக் காட்டறான். மியான்மர்ல வந்த நிலநடுக்கத்துல பாங்காக்ல கட்டிக்கிட்டிருந்த பெரிய கட்டடம் அப்படியே கால் மடிஞ்ச மாதிரி உட்காருது, அப்புறம் வெறும் தூசி. இன்னொரு வீடியோவுல மொட்டைமாடி நீச்சல்குளத்துத் தண்ணி அருவி மாதிரி வெளிய கொட்டுது. நாங்க போட்ட ஓட்டல்லயும் மாடியில குளம் இருக்குங்க. அதுக்காகவேதான் அந்த ஓட்டலு. ரூம் 27-வது மாடி.

அத்தை ராத்திரியே சொல்லிட்டாங்க, "நான் வரல கண்ணு, நீங்களும் போவேண்டாம்"னு. ஏஜென்ட் ஃபோனை எடுக்கல. கேன்சல் பண்ணா எவ்வளவு வரும், பண்ணாம விட்டா என்ன ஆகும்னு ஒண்ணும் புரியல.

தறிச்சத்தம் – 29 மார்ச் 2025, காலை 7.40

மியான்மர்ல நூத்துக்கணக்கான பேர் போயிட்டாங்கன்னு காலைல நியூஸ். அங்க கையாலயே இடிபாட்டைத் தோண்டிக்கிட்டு இருக்காங்க. நமக்கு நீச்சல்குளம், ரீஃபண்ட். நல்லா இருக்குங்க.

கொலுசுப்பட்டறை – 29 மார்ச் 2025, காலை 7.58

தப்பா எடுத்துக்காதீங்க. செத்தவங்க பத்திக் கவலை இல்லாம இல்ல. ஆனா இது மூணு வருஷச் சீட்டுப் பணம். அதையும் கேட்கத்தானே வேணும்?

ஒண்டிக்கடை – 29 மார்ச் 2025, காலை 8.05

தறிச்சத்தம் அண்ணா, கேள்வி கேட்கிறவரை முதல்லயே அடிச்சா எப்படி. நான் ஏற்காட்டுல சின்னதா நாலு ரூம் வாடகைக்கு விடறேன். இந்த விஷயத்துல எனக்குச் சொல்ல நிறைய இருக்கு, சாயங்காலம் எழுதறேன். இப்ப காபித் தோட்டத்துக்குப் போகணும்.

அயோத்தியாப்பட்டணம் வாத்தியார் – 29 மார்ச் 2025, காலை 9.20

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

நேற்று மியான்மர் நேரம் பகல் 12.50, நமக்கு 11.50. அளவு 7.7. மையம் மண்டலேவுக்குப் பக்கத்தில், சகாயிங் ஊரையொட்டி. அந்த நாட்டின் நடுவே தெற்கு வடக்காக ஒரு பிளவு ஓடுகிறது, சகாயிங் பிளவு என்றே பெயர். அதன் இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகரும். பல வருடம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு ஒரேயடியாக நழுவினால் இப்படி ஆகும். ஆழமும் குறைவு, சுமார் 10 கிலோமீட்டர்தான். அதனால் மேலே இருந்தவர்களுக்கு அடி முழுசாக விழுந்தது.

பாங்காக் அங்கிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் ஏன் கட்டடம் விழுந்தது என்பதுதான் தம்பியின் கேள்விக்குத் தேவையானது. வெடுக்வெடுக்கென்று வரும் அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவாக ஆடும் நீள அலைகள்தான் தொலைவுக்குப் போகும். பாங்காக் உட்கார்ந்திருப்பது சாவோ பிரயா ஆறு கொண்டுவந்து போட்ட களிமண் மேல். ஒரு தட்டில் ராகிக் களியை உருட்டி வைத்துத் தட்டின் ஓரத்தை லேசாகத் தட்டுங்கள். தட்டு நின்ற பிறகும் களி ஆடும். அந்த ஆட்டத்தின் தாளமும் உயரமான கட்டடம் ஆடும் தாளமும் ஒன்றாகிவிட்டால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். நீளக் கயிற்று ஊஞ்சலைச் சரியான நேரத்தில் ஒரு விரலால் தள்ளினாலே போதுமே, அதேதான். ஓட்டு வீட்டில் இருந்தவனுக்குத் தெரிந்திருக்காது, முப்பதாவது மாடியில் இருந்தவனுக்கு உயிர் போய் வந்திருக்கும்.

பின்னதிர்வுகள் மியான்மரில் மாதக்கணக்கில் வரும். பாங்காக்கில் அவற்றில் பெரும்பாலானவை உணரவே படாது.

கம்பிக்கடை – 29 மார்ச் 2025, காலை 10.02

வாத்தியார் சொன்னது சரிங்க, ஆனா பாங்காக்ல எத்தனையோ நூறு உயரக் கட்டடம் ஆடிட்டு நின்னுக்கிச்சு. அடியோட விழுந்தது கட்டிக்கிட்டிருந்த அந்த ஒண்ணுதான். மண்ணை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. கம்பி, கான்கிரீட்டு, டிசைனு, ஏதோ ஒண்ணுல கை வச்சிருப்பானுங்க. பாருங்க, விசாரணை வரும்.

சாத்தோன்வாசி – 29 மார்ச் 2025, பகல் 12.31

வணக்கம். சொந்த ஊர் கன்னங்குறிச்சி, எட்டு வருஷமா பாங்காக்ல வேலை. இந்த இழையை மச்சான் அனுப்பினான்.

ஆபீஸ் 14-வது மாடி. மத்தியானச் சாப்பாடு முடிச்சு வந்து உட்கார்ந்தேன், தலை சுத்துச்சு. சுகர் இறங்கிடுச்சோன்னு நினைச்சு மிட்டாயைத் தேடறேன். அப்பதான் பக்கத்து சீட்டுப் பொண்ணும் நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறதைப் பார்த்தேன். ஜன்னல்ல தொங்கற திரைச் சட்டமெல்லாம் ஒரே திசையில போய்ப் போய் வருது. கட்டடத்துக்குள்ள ஒரு சத்தம், பழைய மரக்கட்டில்ல புரண்டு படுத்தா வருமே, அது மாதிரி. கான்கிரீட்டுல அந்தச் சத்தம் வரும்னு எனக்கு இதுக்கு முன்னாடி தெரியாது.

படிக்கட்டுல இறங்கினோம். செருப்புக்கால், வெறுங்கால், கையில சாப்பாட்டு டப்பா. கீழ போனா ரோடு முழுக்க ஜனம். ஆஸ்பத்திரியிலருந்து கட்டிலோட நோயாளிகளைத் தெருவுக்குக் கொண்டுவந்துட்டாங்க. வானத்து ரயிலும் மெட்ரோவும் நின்னுபோச்சு. மூணே முக்கால் மணி நேரம் நடந்து வீட்டுக்குப் போனேன். ராத்திரி பூங்காவையெல்லாம் திறந்து விட்டாங்க, நிறையப் பேர் புல்லுல படுத்தாங்க. காலைல ரயில் ஓட ஆரம்பிச்சிடுச்சு. விமான நிலையம் நேத்தே கொஞ்ச நேரம் நிறுத்திட்டு மறுபடி திறந்தாச்சு.

கொலுசு அண்ணா, மே மாசத்துக்குள்ள ஊர் வழக்கமா ஆயிடும்னுதான் நினைக்கிறேன். பட்டாயாவுல ஒண்ணும் இல்ல. ஆனா 27-வது மாடி வேண்டாம். ஆபத்துன்னு சொல்லல. நீங்க தூங்கமாட்டீங்க.

அம்மாப்பேட்டை மருமகள் – 29 மார்ச் 2025, மாலை 4.15

அண்ணா, காசு விஷயம். நான் டிக்கெட் போடற வேலையில இருந்தவ, அதனால சொல்றேன். விமானம் ஓடுது, ஆனா நாமளா பயந்து கேன்சல் பண்றோம்னா அது நம்ம கணக்குல போகும், பிடித்தம் உண்டு. விமான நிறுவனமே ரத்து பண்ணினாத்தான் முழுசா திருப்பித் தரணும். அதனால இப்பவே அவசரப்பட்டு கேன்சல் கொடுக்காதீங்க. முதல்ல தேதியை மாத்தறதுக்குச் சலுகை விட்டிருக்காங்களான்னு கேளுங்க. ஓட்டலுக்கு நேரா மெயில் போடுங்க, ஏஜென்ட்டை நம்பி உட்காராதீங்க. பல ஓட்டல் இந்த மாதிரி நேரத்துல கீழ்மாடி கேட்டா பேசாம தந்துடுவாங்க.

இன்ஷூரன்ஸ் இன்னிக்கு ஓடிப்போய் எடுத்தா நேத்து நடந்ததுக்கு வராது. தெரிஞ்ச சம்பவம்னு சொல்லிடுவாங்க. டிசம்பர்ல டிக்கெட்டோட சேர்த்து எடுத்தீங்களா?

கொலுசுப்பட்டறை – 29 மார்ச் 2025, மாலை 4.50

ஏஜென்ட் "எல்லாம் சேர்த்துத்தான்"னு சொன்னார். இப்ப பேப்பரைப் பார்த்தா இன்ஷூரன்ஸ்னு ஒரு வார்த்தையும் இல்லீங்க அக்கா.

ஒண்டிக்கடை – 29 மார்ச் 2025, இரவு 8.30

காலைல பாதில விட்டது.

போன டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழை. மலைப்பாதையில கொண்டை ஊசிப் பக்கம் மண்ணு சரிஞ்சு பாறை உருண்டுச்சு. அடிவாரத்துல வண்டியை நிறுத்திட்டாங்க, அவசரம்னா குப்பனூர் வழியா சுத்தி வரணும். அது நிஜம். ஆனா அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க. டிவியில அந்த ஒரு பாறையை நாலு நாள் திருப்பித் திருப்பிக் காட்டினான். ரோடு திறந்தாச்சு, ஏரியில படகு ஓடுது, எனக்கு மட்டும் ஃபோன் மேல ஃபோன்: "ஏற்காடே சரிஞ்சிருச்சாமே, அட்வான்ஸைத் திருப்பி அனுப்புங்க." கிறிஸ்துமஸ், புது வருஷம், பொங்கல். வருஷத்துல சம்பாதிக்கிறதே அந்த மூணு வாரம்தான். நான் எல்லாருக்கும் அனுப்பினேன், சண்டை போடல. ரூம் கூட்டற அக்காவுக்கு அந்த மாசம் பத்து நாள் வேலைதான் கொடுக்க முடிஞ்சுது. அவங்க வீட்டுச் சுவரும் மழையில ஊறி ஒரு பக்கம் விழுந்து கிடந்துச்சு. சுவர் விழுந்த மாசம்தான் கூலியும் பாதியாச்சு.

அதனால பாங்காக்ல ஓட்டல்ல பெட்ஷீட் மாத்தறவங்க இன்னிக்கு என்ன நினைச்சுக்கிட்டு இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். தறிச்சத்தம் அண்ணா கேட்டதுக்கும் இதான் என் பதில். மண்டலேக்கு இப்ப வேடிக்கை பார்க்கப் போனா அது பாவம். விழாத ஊருக்குப் போகாம இருக்கறது அவங்களுக்கு உதவின்னு நினைச்சா, அதுவும் சரியில்ல.

தறிச்சத்தம் – 29 மார்ச் 2025, இரவு 9.11

சரிங்க. காலைல சூடா பேசிட்டேன். மண்டலேல வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம். நோன்பு மாசத்துக் கடைசி வெள்ளி. பள்ளிவாசல்ல கூடியிருந்தவங்க மேலயே விழுந்திருக்கு. எங்க பக்கத்து வீட்டு பாய் அதைச் சொல்லி அழுதாரு. அந்த வேகத்துல எழுதிட்டேன்.

முக்திநாத் போனவன் – 30 மார்ச் 2025, காலை 6.05

கொலுசு தம்பி, நான் 2015-ல நேபாள நிலநடுக்கத்துல சிக்கினவன். எழுதறதுக்குப் பத்து வருஷம் ஆயிருக்கு.

சேலத்துலருந்து 38 பேர் சாளக்கிராம யாத்திரை. கோரக்பூர் வரைக்கும் ரயில், சுனௌலி எல்லை தாண்டி பஸ்ல போக்ரா. போக்ராவிலருந்து ஜோம்சோமுக்குக் குட்டி விமானம். காலைல மட்டும்தான் பறக்கும், பதினொரு மணிக்கு மேல பள்ளத்தாக்குல காத்து பிடிச்சுக்கும். பெருமாள் புண்ணியத்துல வெள்ளிக்கிழமையே தரிசனம் முடிச்சு, சனிக்கிழமை காலைல போக்ரா இறங்கிட்டோம். ஏப்ரல் 25. அடுத்தது காட்மாண்டு, பசுபதிநாத்.

பதினொன்றே முக்கால் தாண்டியிருக்கும். ஏரிக்கரையில உருத்திராட்சம் பேரம் பேசிக்கிட்டு இருக்கேன். கடைக்காரர் தராசைக் கீழ வச்சார். தட்டு ரெண்டும் தானா ஏறி இறங்குது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அப்புறம்தான் காலுக்குக் கீழ. ஏரியில கட்டி வச்ச படகெல்லாம் ஒண்ணோட ஒண்ணு டம் டம்முனு மோதுது. ஒரு நிமிஷம் இருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்துல எங்க கோஷ்டியில ஒரு பாட்டி மட்டும் "கோவிந்தா"ன்னு நிறுத்தாம சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

எங்க பக்கம் ஒரு சுவர்கூட விழல. போக்ரா தப்பிச்சது. அளவு 7.8, மையம் கோர்க்கா மாவட்டம், அங்கிருந்து ஆட்டம் கிழக்கே காட்மாண்டுப் பக்கம் போயிருச்சு. தரஹரா கோபுரம் விழுந்தது, லாங்டாங் கிராமமே பனிச்சரிவுல மூடிப்போச்சு, ஏறக்குறைய 9,000 பேர் போனாங்க. இதெல்லாம் எங்களுக்கு அன்னிக்குத் தெரியாது, ஃபோன் கிடைக்கல. லாட்ஜ்காரர் உள்ள போக விடல. எல்லாரும் வெளிய, குளிரு, சின்னச் சின்னதா ஆட்டம் வந்துகிட்டே இருக்கு. எங்க சமையல்காரர் அடுப்பைத் தூக்கிக்கிட்டு வந்து மைதானத்துல வச்சு, இருந்த ரவையெல்லாம் போட்டு உப்புமா கிண்டினார். 38 பேருக்குன்னு போட்டது, லாட்ஜ் ஆளுங்க, பக்கத்துக் கடைக்காரங்க, ரெண்டு வெள்ளைக்காரப் பசங்கன்னு எல்லாரும் சாப்பிட்டாங்க. கறிவேப்பிலையைத் தூக்கிப் போடாம மென்னு தின்ன வெள்ளைக்காரனை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காட்மாண்டு போகாம பஸ்ஸைத் திருப்பிச் சுனௌலி வந்தோம். ஒரு சிலருக்குக் கோபம், "பசுபதிநாத் பாக்காம போறதா"ன்னு. வழிநடத்தினவர் ஒரே வார்த்தை சொன்னார், "அங்க இருக்கிற தண்ணியை நாம குடிக்க வேண்டாம்". ஒரே ஓடுபாதை இருக்கிற விமான நிலையம் அது, உதவிச் சாமான் இறங்கவே இடமில்ல. நாங்க போயிருந்தா நாங்களும் ஒரு சுமை. மே 12-ல மறுபடி 7.3 வந்துச்சு.

அந்த லாட்ஜ்காரர் நம்பர் என்கிட்ட இருக்கு. ஆறு மாசம் கழிச்சுப் பேசினப்ப இந்தியில சொன்னார்: "என் கட்டடத்துல ஒரு விரிசல் இல்ல, ஒரு விருந்தாளியும் இல்ல." நான் 2017-ல மறுபடி போனேன், அதே லாட்ஜ். ஒண்டிக்கடை தம்பி எழுதினதைப் படிச்சதும் அவர் ஞாபகம்தான் வந்துச்சு.

சீலநாயக்கன்பட்டி – 30 மார்ச் 2025, காலை 7.30

படிச்சுட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன் ஐயா.

ஒரு சந்தேகம். நம்ம சேலத்துல வருமா? மேட்டூர் அணை இருக்கே.

அயோத்தியாப்பட்டணம் வாத்தியார் – 30 மார்ச் 2025, காலை 10.45

வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாளைக்கே வரும் என்று வாட்ஸ்அப்பில் தேதி போட்டு வந்தால் அதையும் நம்பாதீர்கள். தேதியும் நேரமும் சொல்லும் வித்தை உலகில் யாரிடமும் இல்லை.

நாம் நிற்பது மிகப் பழைய கெட்டிப் பாறை. சேர்வராயன் மலையே சார்னோக்கைட் என்ற பாறை. பாங்காக் களிமண் போல ஆட்டத்தைப் பெருக்காது. ஆனால் அரசின் நிலநடுக்க வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான ஆபத்து. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவுக்கு ஒன்று வந்து தென்னிந்தியா முழுக்க உணரப்பட்டது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5. 2018 ஜூலையில் நம் ஓமலூர், மேட்டூர்ப் பக்கமே லேசாகக் குலுங்கி ஜனங்கள் வெளியே ஓடிவந்தது நினைவிருக்கும். மகாராஷ்டிரத்தில் கில்லாரியிலும் மேலே இருக்கும் எரிமலைப் பாறைக்கு அடியில் இதே போலப் பழைய பாறைதான். 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் 6.2 அளவுக்கே ஏறக்குறைய 10,000 பேர். மண் சாந்தில் கல்லை அடுக்கிக் கட்டிய வீடுகள், தூங்கிக்கொண்டிருந்த ஜனம்.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடித்தது. மண்டலே அருகே ஐராவதி ஆற்றின் மேல் இப்போது விழுந்து கிடக்கும் பழைய ஆவா பாலமும் 1934-ல் திறந்ததுதான். இதில் பொருத்தம் தேடாதீர்கள். பாலம் பிளவின் பக்கத்தில் நின்றது, நம் அணைக்குப் பக்கத்தில் அப்படியொரு பிளவு இல்லை.

முக்திநாத் போனவன் – 30 மார்ச் 2025, காலை 11.20

வாத்தியாரே, நேபாளம்–பீகார் பெரிய நிலநடுக்கமும் 1934 ஜனவரிதான். தரஹரா அப்பவே ஒரு தடவை விழுந்து மறுபடி கட்டினதுன்னு போக்ராவுல சொன்னாங்க. என்ன வருஷமோ அது.

கம்பிக்கடை – 30 மார்ச் 2025, பகல் 1.10

பாங்காக்கை விடுங்க, நம்ம ஊரைப் பேசுவோம். மூன்றாம் மண்டலம்னு வாத்தியார் சொல்லிட்டார். அப்ப தூண் கம்பியைச் சுத்திக் கட்டற ரிங்கை எப்படிக் கட்டணும்? முனையை உள்பக்கமா நல்லா மடக்கி, 135 டிகிரிக்குக் கொக்கி போடணும். கான்கிரீட்டு மேல்பூச்சு உதிர்ந்தாலும் அந்தக் கொக்கி உள்ள பிடிச்சுக்கிட்டு கம்பியைப் பிதுங்க விடாது. சைட்டுல போய்ப் பாருங்க, பாதி இடத்துல வெறும் எல் மாதிரி 90-ல மடக்கி விட்டிருப்பாங்க. "ஏம்ப்பா"ன்னு கேட்டா, "இதுக்கு முன்னாடி விழுந்துச்சா சார்"ங்கறான். கொக்கி போட ஒரு ரிங்குக்கு ரெண்டு விரக்கடை கம்பி கூடுதலா போகும், அவ்வளவுதான். ரிங்குகளை நெருக்கிக் கட்டணும், அதுவும் தூணும் உத்தரமும் சேர்ற இடத்துல. அங்கதான் வேலை கஷ்டம்னு இடைவெளி விட்டுடுவாங்க.

இன்னொண்ணு, கீழ முழுக்கத் தூண் மட்டும் விட்டு கார் நிறுத்தறது, மேல அஞ்சு மாடி. 2001 குஜராத் நிலநடுக்கத்துல அகமதாபாத்துல விழுந்ததுல அந்த ரகம் நிறைய. பூஜ் மையத்துலருந்து அகமதாபாத் 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி. கீழ சுவரே இல்லாததால அந்தத் தளம் மட்டும் கால் ஒடிஞ்ச மாதிரி உட்காரும். நம்ம அஸ்தம்பட்டி, அழகாபுரம் பக்கம் இப்ப எத்தனை அப்படி நிக்குதுன்னு எண்ணிப் பாருங்க.

சீலநாயக்கன்பட்டி – 30 மார்ச் 2025, பகல் 1.32

நான் குடியிருக்கிறதே அந்த ரகம்தாங்க. நன்றி. தூக்கம் போச்சு.

கம்பிக்கடை – 30 மார்ச் 2025, பகல் 1.40

ஹா ஹா, பயப்படாதீங்க. முறையா டிசைன் பண்ணி, கீழ்த் தூணைத் தடிமனா போட்டு, ஷியர் வால் (பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்கற கான்கிரீட் சுவர்) வச்சிருந்தா ஒண்ணும் ஆகாது. பில்டர்கிட்ட வரைபடம் கேட்டு வாங்கி வைங்க. தரமாட்டேன்னா அப்ப யோசிங்க.

அம்மாயி வீடு – 31 மார்ச் 2025, இரவு 7.05

என் அம்மாயி பர்மாவுல பிறந்தவங்க. 62-ல ராணுவம் வந்து, அப்புறம் கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப கப்பல்ல வந்தவங்க. 90 வயசு ஆகப்போகுது. வெள்ளிக்கிழமையிலருந்து டிவி முன்னாடியே இருக்காங்க. ஒவ்வொரு பகோடாவையும் காட்டறப்ப ஊர்ப் பேரை வாய்க்குள்ள சொல்லிப் பார்க்கறாங்க. "மோல்மேன் காட்டலையா"ன்னு கேட்டாங்க. "அங்க ஒண்ணும் ஆகலை அம்மாயி"ன்னேன். "அதான் காட்டலை போல"ன்னுட்டுப் படுத்துட்டாங்க.

யாங்கோன்ல எங்க சொந்தம் ஒருத்தங்க இன்னும் இருக்காங்க. நேத்து ராத்திரி பேச முடிஞ்சுது. யாங்கோனுக்குப் பெரிய சேதம் இல்ல. ஆனா மண்டலேக்கு நெடுஞ்சாலை பல இடத்துல வெடிச்சுப் போச்சு, ஏற்கெனவே சண்டை நடக்கிற நாடு, சாமான் போய்ச் சேர்றது பாடு. நம்ம நாட்டுலருந்து 'ஆபரேஷன் பிரம்மா'ன்னு முத நாளே விமானத்துல 15 டன் சாமான் போனதும், மண்டலேல ராணுவ ஆஸ்பத்திரி போடறதும் நல்ல காரியம்.

உதவணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. பழைய துணி மூட்டை கட்டாதீங்க. 2004 சுனாமிக்கு நாகப்பட்டினம் ரோட்டோரத்துல மலையா குவிஞ்சு, மழையில நனைஞ்சு, கடைசியில குப்பையாப் போச்சு. காசா கொடுங்க.

தறிச்சத்தம் – 31 மார்ச் 2025, இரவு 7.40

அக்கா, எந்த வழியா காசு அனுப்பறதுன்னு தனியா எழுதுங்க. எங்க தறிக்கூடத்துல ஆளுக்கு நூறு போட்டிருக்கோம்.

கொலுசுப்பட்டறை – 6 ஏப்ரல் 2025, இரவு 9.50

நிலவரம் சொல்றேன். ஏஜென்ட் அஞ்சாம் நாள் ஃபோன் எடுத்தார். "கேன்சல் பண்ணா தலைக்குப் பாதி போகும்"ங்கறார். மருமகள் அக்கா சொன்ன மாதிரி ஓட்டலுக்கு நேரா எழுதினோம். ரெண்டே மணி நேரத்துல பதில். கட்டடத்தைப் பொறியாளர்கள் பார்த்துச் சான்று கொடுத்த தாளையும் படமெடுத்து அனுப்பியிருக்காங்க. ஆறாவது மாடி தர்றாங்க, காசு வித்தியாசம் இல்ல.

வீட்டுல ஓட்டெடுப்பு நடந்துச்சு. ஏழு பேர் போறோம். அத்தை கண்டிப்பா வரமாட்டேன்னுட்டாங்க, அத்தை மகன் அவங்களைத் தனியா விடமுடியாதுன்னு நின்னுட்டான். என் பொண்ணுதான் கேட்டா: "ஏழு பேர் போறது பயமில்லைன்னா, அத்தைப்பாட்டி மட்டும் ஏன் பயப்படக்கூடாதா?" பதில் சொல்லத் தெரியல. அந்த ரெண்டு டிக்கெட்டை கேன்சல் கொடுத்தாச்சு.

சாத்தோன்வாசி – 7 ஏப்ரல் 2025, காலை 8.15

நல்ல முடிவு. ஒரு விஷயம் மறந்துடாதீங்க, மே 1-லருந்து தாய்லாந்து வர்ற வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் ஆன்லைன்ல வருகை அட்டை போடணும், இங்க வந்து சேர்றதுக்கு முன்னாடி மூணு நாளைக்குள்ள. காசு கிடையாது. காசு கேட்கிற தளம் எல்லாம் ஏமாத்து வேலை. விசா நமக்கு இந்த வருஷம் (2025) வேண்டாம், 60 நாள் வரை.

இங்க வீட்டுல விரிசல் இருந்தா ஃபோன்ல படம் எடுத்து நகராட்சி ஆப்ல போடச் சொன்னாங்க. நானும் என் சமையலறைச் சுவரைப் போட்டேன். ஆள் வந்து பார்த்து, பூச்சு விரிசல்தான்னு சொல்லிட்டுப் போனார். மொத்த ஊரும் சுவரைத் தடவிக்கிட்டு இருக்கு. சீலோம் மாரியம்மன் கோயில்ல கூட்டம் முன்னைவிட அதிகம், தாய்க்காரங்களும் வரிசையில நிக்கறாங்க.

அயோத்தியாப்பட்டணம் வாத்தியார் – 13 மே 2025, மாலை 5.20

மியான்மரில் ஒரு கண்காணிப்புக் கேமராவில் பதிந்த காட்சி வந்திருக்கிறது. பார்த்தீர்களா? ஒரு இரும்புக் கேட்டுக்கு அப்பால் இருக்கும் நிலம் முழுவதும் ஒரு மூச்சில் பக்கவாட்டில் நழுவுகிறது. முப்பத்தைந்து வருடம் கரும்பலகையில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுக் காட்டியதை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன். பிளவு நழுவிய நீளம் 450 கிலோமீட்டருக்கு மேல் என்கிறார்கள். சேலத்தில் ஆரம்பித்தால் கன்னியாகுமரியைத் தாண்டிக் கடலுக்குள் போய்விடும். இறந்தவர்கள் எண்ணிக்கை அங்கே 3,700-ஐத் தாண்டிவிட்டது.

தம்பி எங்கே இருக்கிறார்?

கொலுசுப்பட்டறை – 16 மே 2025, இரவு 10.30

நேத்துதான் வந்தோம் சார். பத்திரமா.

ஓட்டல் பாதிக்கு மேல காலி. காலைச் சாப்பாட்டு இடத்துல நாங்க ஏழு பேரும் இன்னொரு குடும்பமும்தான், பரிமாறறவங்க எங்களைவிட அதிகம். ஆறாவது மாடிப் படிக்கட்டுச் சுவத்துல ஒரு கோணல் கோடு, புதுசா பட்டி பார்த்து, வெள்ளை மட்டும் கொஞ்சம் மாறி இருந்துச்சு. என் சம்சாரம் தினமும் இறங்கறப்ப அதைக் கையால தொட்டுட்டுத்தான் இறங்கினா.

வண்டி ஓட்டின அண்ணன் அந்தக் கட்டடம் விழுந்த பக்கமா போறப்ப கேட்காமலே வேகத்தைக் குறைச்சார். என் பையன் ஃபோனைத் தூக்கினான். அவர் ஒண்ணும் சொல்லல, கண்ணாடியில பார்த்தார், அவ்வளவுதான். பையன் இறக்கிட்டான். அப்புறம் உடைஞ்ச இங்கிலீஷ்ல, அவங்க புத்தாண்டுப் பண்டிகை சாங்க்ரானுக்குக்கூட கூட்டம் குறைவுன்னு சொன்னார். நம்ம ஊர் பேரு கேட்டார். சேலம்னு சொன்னா தெரியல. வெள்ளிக் கொலுசைக் காட்டினதும் அவர் பொண்ணுக்கு அளவு கேட்டார். நூல்ல அளந்து வாங்கிட்டு வந்திருக்கேன், சாத்தோன்வாசி தம்பி அடுத்த தடவை ஊருக்கு வர்றப்ப கொடுத்து விடறேன்.

அத்தைக்கு ஒரு யானைப் பொம்மை. "ஆடுச்சா?"ன்னுதான் முத கேள்வி. ஆடலைன்னேன். "நான் வராததனாலதான்"னு சொல்லிட்டாங்க.

ஒண்டிக்கடை – 17 மே 2025, காலை 6.40

சந்தோஷமுங்க. இங்க கோடை விழாக் கூட்டம் வரப்போகுது, ரூம் நிரம்பிக்கிட்டு இருக்கு. அத்தையை ஒருநாள் கூட்டிட்டு வாங்க, சேர்வராயன் கோயில் காட்டறேன். கீழ்த்தளத்துலயே ரூம் தர்றேன்.

அம்மாப்பேட்டை மருமகள் – 17 மே 2025, காலை 9.05

அந்த ரெண்டு டிக்கெட் காசு வந்துச்சா அண்ணா?

கொலுசுப்பட்டறை – 17 மே 2025, காலை 9.30

"ப்ராசஸ்ல இருக்கு"ங்கறாரு அக்கா. நாளைக்கு நேர்லயே போறேன்.